கலியாண வீட்டில் எந்த ராகம்?



ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் எங்கள் வீடுகளுக்குத் திருமண அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடும். அதற்கு முன்னரே கலியாண வீட்டுக்காரரின் தலையிடிகளும் தொடங்கிவிடும். வவுனியாவிலிருந்து ஒரு தாய் எனக்கு எழுதிய கடிதம் அப்படிப்பட்ட தலையிடி ஒன்றைப் பற்றியது. மகளுக்கு ஆவணியில் கலியாணம். மண்டபக்காரர் மணவறை, சோடனை, சாப்பாடு, வீடியோ எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார்களாம். மேளத்துக்கு ஆட்கள் தேவையில்லை, பதிவு செய்த நாதஸ்வரத்தை ஒலிபெருக்கியில் விடலாம், கெட்டிமேளமும் அதிலேயே இருக்கிறது என்கிறார்களாம். "தனியாக மேளம் பிடித்தால் செலவு கூடும். பிடிக்காமல் விட்டால் சனம் கதைக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

இந்தச் சகோதரிக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதிவிட்டு இருந்துவிடலாம். ஆனால் இதே கேள்வியை என்னிடம் கேட்ட தாய்மார் பலர். அதைவிட, கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. மேளம் பிடிப்பதா விடுவதா என்று விவாதிக்கிறோம், எத்தனை தவில் என்று விவாதிக்கிறோம். என்ன வாசிப்பது என்று யாராவது விவாதித்ததுண்டா?

யாழ்ப்பாணத்தில் எத்தனை பெண்பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே சங்கீத வகுப்புக்குப் போகத் தொடங்குகிறார்கள்! வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தரம் தரமாகத் தோற்றி, கலாவித்தகர் பட்டம் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். மருதனார்மடத்தில் இசையையே பட்டப்படிப்பாகப் படித்து வெளிவருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண் மணவறையில் இருக்கும்போது, அவளுக்குப் பின்னால் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடுகிற இசை என்னவென்று அவளிடம் ஒரு சொல் கேட்பதில்லை. கூறைச்சேலையின் கரை என்ன நிறம் என்று கேட்கிறோம். கேக்கில் எத்தனை தட்டு என்று கேட்கிறோம். தலைக்கு என்ன பூ என்று நாலு பேர் கேட்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 2019 தை மாதத்தில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோதுதான் புத்தி வந்தது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னர் மேளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாதஸ்வரம் வெளியில் வாசிக்கப் பிறந்த வாத்தியம். கோயில் வீதியிலே, தேருக்கு முன்னாலே, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று செய்தது. ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட குழல், நுனியில் நாணலில் செய்த சீவாளி. தவில் பலா மரத்தில் குடைந்தது. ஒரு பக்கத்தைக் கம்பாலும் மற்றப் பக்கத்தை விரல்களில் கூடு மாட்டியும் அடிப்பார்கள். இந்த இரண்டையும் குளிரூட்டிய மண்டபத்துக்குள் கொண்டுவந்து, மணவறைக்குப் பக்கத்திலே இருத்தி, அதற்கும் முன்னால் ஒலிவாங்கியை வைத்தால் என்ன நடக்கும்? ஐயர் சொல்வது மாப்பிள்ளைக்குக் கேளாது, சனத்துக்குத் தலை இடிக்கும். பிறகு "மேளம் ஒரே சத்தம்" என்று குறை சொல்லுவோம். பிழை மேளத்தில் இல்லை. மண்டபத்துக்குள் என்றால் ஒலிவாங்கியே வேண்டாம். மணவறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஐயரின் கையசைப்புத் தெரிகிற இடமாகப் பார்த்து இருத்தினால் போதும்.

எங்கள் மண்ணுக்கு இந்தக் கலையில் ஒரு பெரும் பெயர் உண்டு. இணுவிலையும் அளவெட்டியையும் தெரியாத நாதஸ்வர, தவில் இரசிகர் இல்லை. தமிழ்நாட்டின் பெரிய வித்துவான்களுக்கெல்லாம் தவில் வாசித்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல், நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பாமல் காலமானார். தவில் என்றால் இன்றும் அவர் பெயரைத்தான் முதலில் சொல்லுகிறார்கள். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்பதற்கென்றே கோயில் திருவிழாவுக்குப் போனவர்கள் எங்கள் பெற்றோர். அந்தப் பரம்பரையில் வந்தவர்களும் அவர்களிடம் படித்தவர்களும் இன்றும் வாசிக்கிறார்கள். அவர்களைக் கலியாணத்துக்கு அழைத்துவிட்டு, "சினிமாப் பாட்டு ரண்டு வாசியுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறோம்.

(பெண்கள் வாசிப்பதில்லையா என்று ஒரு வாசகி முன்பு கேட்டிருந்தார். வாசிக்கிறார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அந்தக் காலத்திலேயே கச்சேரி செய்தவர். இன்று காலிஷாபி மகபூப் கணவருடன் சேர்ந்து வாசிக்கிறார்.)

இனி என்ன வாசிப்பது என்ற விடயத்துக்கு வருவோம். மேளத்தார் வந்து இருந்ததும் நாட்டை, கம்பீரநாட்டை, ஹம்சத்வனி போன்ற ராகங்களில் தொடங்குவது வழக்கம். முத்துசுவாமி தீட்சிதரின் வாதாபி கணபதிம் ஹம்சத்வனிதான். அதைக் கேட்டாலே கலியாண வீடு தொடங்கிவிட்டது என்று மனதுக்குப் படும். சனம் வந்து சேருகிற அந்தக் காலை நேரத்தில் ஒரு பிலஹரி, ஒரு மலையமாருதம் வாசித்தால் அருமையாக இருக்கும். தோடியும் பொருந்தும். திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளையின் தோடியைப் பற்றி முதியவர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்லுவார்கள்.

மாப்பிள்ளை வரும்போது சில இடங்களில் மல்லாரி வாசிக்கிறார்கள். மல்லாரி என்பது சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. அது கேட்டால் உள்ளே இருக்கிற கிழவிகள் கை கூப்பிக்கொண்டு எழும்புவார்கள், வெளியே வந்து பார்த்தால் காருக்குள் இருந்து மாப்பிள்ளை இறங்கிக்கொண்டிருப்பார். மாப்பிள்ளையைச் சுவாமியாகப் பார்க்கும் மரபும் உண்டுதான் என்று சிலர் வாதிடுவார்கள். என் வீட்டுக் கலியாணம் என்றால் நான் கேட்கமாட்டேன். கம்பீரநாட்டையிலேயே வேறு ஏதாவது வாசிக்கலாம்.

கன்னிகாதானத்தின்போது, தாய் தகப்பன் தாரை வார்த்துக் கொடுக்கிற அந்த நேரத்திலே ஆனந்தபைரவி வாசித்தால் அதற்கு மேல் வேறு ஒன்றும் வேண்டாம். கல்யாணியும் வாசிப்பார்கள். தாலி கட்டும்போது ராகத்தை யார் கேட்கப்போகிறார்கள்? அது கெட்டிமேளத்தின் நேரம். தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு ஒன்றும் அந்தக் கணத்திலே காதில் விழக்கூடாது என்றுதான் தவில்கள் எல்லாம் சேர்ந்து முழங்குகின்றன. ஐயர் கையைக் காட்ட வேண்டும், அதைத் தவில்காரர் பார்க்க வேண்டும். இடையில் வீடியோக்காரர் நின்று மறைத்தால் முடிந்தது. பதிவு செய்த மேளத்தில் இதுதான் பெரிய இடைஞ்சல். ஒரு கலியாணத்தில் பொத்தானை அமர்த்த நின்ற பெடியன் கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டான். மூன்று முடிச்சும் விழுந்து, மாப்பிள்ளை தன் இடத்தில் வந்து இருந்த பிறகுதான் கெட்டிமேளம் வந்தது. பெண்ணின் தாயார் அன்று முழுவதும் அதையே நினைத்து அழுதுகொண்டிருந்தார்.

சீதா கல்யாண வைபோகமே எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. தியாகராஜ சுவாமிகள் குறிஞ்சி ராகத்தில் செய்தது. அதைத் தாலி கட்டியதும் வாசிப்பவர்களும் உண்டு, ஆரத்திக்கு முன்னர் வாசிப்பவர்களும் உண்டு. கௌரி கல்யாணமும் அப்படித்தான். தமிழில் வேண்டும் என்பவர்கள் திருஞானசம்பந்தர் திருக்கழுமலத்தில் அருளிய கொல்லிப் பண் பதிகத்தை ஓதுவிக்கலாம். மணமக்களை வாழ்த்துவதற்கென்றே நம்மவர் காலம் காலமாகப் பாடி வருகிற பதிகம் அது. கொல்லிப் பண்ணை இப்போது நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நாதஸ்வரத்தில் அதைக் கேட்க வேண்டும்!

தாலி கட்டிய பிறகு ஏழடி, அம்மி, அருந்ததி எல்லாம் விரைவாக நடக்கும், மேளமும் விரைந்து போகும். அதன் பின்னர் வருவதுதான் அறுகரிசி. சனம் வரிசையில் நின்று அறுகரிசி போட்டு, படம் எடுத்து, உறையைக் கொடுத்து இறங்கும். பெரிய கலியாணம் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அந்த நேரத்தை நாங்கள் வீணாக்கிவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம். நல்ல நாதஸ்வர வித்துவான் ஒருவர் மோகனத்தையோ, காம்போதியையோ, கரகரப்பிரியாவையோ விரித்து வாசிப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. மந்திரத்துக்கு இடைஞ்சல் இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் "மேளத்தை நிப்பாட்டுங்கோ, சினிமாப் பாட்டுப் போடுவம்" என்று யாரோ ஒரு மாமா வந்து நிற்பார். சினிமாப் பாட்டில் எனக்குக் கோபம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் போடட்டும், மாலை வரவேற்பில் போடட்டும்.

ஆரத்தியோடு மங்களம். சௌராஷ்டிரம், சுருட்டி, மத்தியமாவதி, இவற்றில் எது வந்தாலும் நல்லது.

பாட்டுக்காரரை அழைத்துக் கச்சேரி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாத்தியத்தில் சொல் மறைந்துவிடும், வாய்ப்பாட்டில் மறையாது. கொழும்பில் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தேன். இளம் பாடகி ஒருவர் க்ஷேத்ரக்ஞரின் பதம் ஒன்றை உருகி உருகிப் பாடினார். தெலுங்கு என்றபடியால் சபை தலையாட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்திலே இருந்த ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியை மட்டும் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். வேறொருத்தி வீட்டுக்குப் போக வேண்டிய நாயகன் வழிதவறித் தன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நாயகி ஏசுகிற பாட்டாம் அது. மணமக்கள் இருவரும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி என் தங்கையின் மகளின் கதை. அவளுடைய தகப்பன் 2016 இல் நோய்வாய்ப்பட்டுக் காலமானவர். பெரிய சங்கீத ஞானம் உள்ளவர் அல்லர், ஆனால் நல்ல இரசிகர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய ஒலிநாடாக்களைப் போட்டுவிட்டுத்தான் சைக்கிளைத் துடைக்கத் தொடங்குவார். மகளைச் சங்கீத வகுப்புக்கு அனுப்பியவரும் அவர்தான். கலியாணப் பேச்சு முற்றாகி, வீட்டில் எல்லோரும் கூடி இருந்து கணக்குப் போட்டபோது, மேளத்துக்கு எவ்வளவு என்ற இடத்தில் நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: "பிள்ளை, உனக்கு என்ன வாசிக்க வேணும்?"

அவள் உடனே சொல்லவில்லை. பிறகு, "பெரியம்மா, அப்பா கேக்கிற எந்தனினே வாசிப்பினமோ?" என்றாள்.

எங்கள் அண்ணர், அதாவது அவளுடைய மாமா, பேனையைக் கீழே வைத்துவிட்டார். "அது முகாரியெல்லே! கலியாண வீட்டிலை முகாரி வாசிக்கிறதோ? ஆரும் கேட்டால் காறித் துப்புவினம்." தகப்பன் இல்லாதபடியால் கன்னிகாதானம் செய்து கொடுக்கப்போகிறவரும் அவர்தான். என் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

முகாரி என்றால் அழுகை என்பது எங்கள் பேச்சிலேயே ஊறிப்போன விடயம். யாராவது குறைப்பட்டால் "முகாரி பாடாதை" என்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு இணுவிலில் எங்களுக்குப் பழக்கமான நாதஸ்வர வித்துவான் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். வயதானவர். திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். விடயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"முகாரி அழுகிற ராகம் எண்டு ஆர் ரீச்சர் சொன்னது? எந்தனினே என்ன பாட்டு? சபரி என்ன பாக்கியம் செய்தாளோ எண்டு தியாகராஜ சுவாமிகள் அதிசயப்படுகிற பாட்டு. இராமன் அவளின்ரை கையாலை பழம் வாங்கிச் சாப்பிட்டவர் எண்ட சந்தோசம் அது. அதிலை அழுகை எங்கை இருக்கு?"

பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "ஆனால் பிள்ளை, மணவறையிலை நீர் இருக்கேக்கை நான் அதை வாசிச்சால், தெரிஞ்சவை நாலு பேர் முகத்தைச் சுளிப்பினம். அந்தக் கதை உம்மிலை விழாது. உங்கடை அம்மாவிலை விழும். புருசன் இல்லாதவள், மகளின்ரை கலியாணத்திலை முகாரி வாசிப்பிச்சாள் எண்டு. அது வேண்டாம். எனக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வரப் பஞ்சியில்லை. வந்து வாசிக்கிறன்."

நான் அந்தத் திண்ணையில் இருந்துகொண்டு வெட்கப்பட்டேன். பாட்டின் பொருளைப் பற்றி மட்டும் நான் யோசித்துக்கொண்டிருக்க, என் தங்கையைப் பற்றி யோசித்தவர் அவர்தான்.

முகூர்த்தம் பத்தரைக்குப் பிறகு. மேளத்தார் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். மண்டபத்தில் கதிரைகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த பெடியன்கள், சோடனைக்காரர், நாங்கள் ஏழெட்டுப் பேர். பெண்ணுக்குப் பின் அறையில் தலை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. என் தங்கை தட்டங்களை அடுக்கிக்கொண்டு பின் வாசலோடு நின்றாள். மகளின் கலியாணத்தில் முன்னுக்கு வருவதில்லை என்று அவள் தானாகவே தீர்மானித்திருந்தாள். நாங்கள் ஒருவரும் அவளை அப்படிச் சொல்லவில்லை, அப்படி இராதே என்றும் சொல்லவில்லை.

முதலில் ஹம்சத்வனியில் பிள்ளையாரைக் கும்பிட்டார். பிறகு முகாரியைத் தொடங்கினார். தவில் அடக்கமாக, கோயிலில் இரவுப் பூசைக்கு வாசிப்பது போலக் கூடவே போனது. அரை மணித்தியாலம் இருக்கும். பாதித் தலை பின்னியபடி மகள் அறை வாசலில் வந்து நின்றாள். அலங்காரம் செய்கிற பெண் ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். தங்கை தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்துவந்து, மூன்றாவது வரிசையில் உறை போடாத ஒரு கதிரையில் இருந்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

சனம் வரத் தொடங்கிய பின்னரும் அவள் அங்கிருந்து எழும்பவில்லை. ஒரு மாமி வந்து "உள்ளை வாருமன்" என்று மெல்லக் கூப்பிட்டார். "நான் இதிலை இருக்கிறன் மாமி" என்றாள். தாலி கட்டுவதை இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். அறுகரிசி போட மகள் கையைக் காட்டிக் கூப்பிட்டபோது எழும்பிப் போனாள். இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ கதைத்ததை நானும் கண்டேன். கதைத்தால் கதைக்கட்டும். முகாரிதான் இதைச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவேளை அவள் எப்படியும் வந்திருப்பாள். எனக்குத் தெரியாது.

வவுனியாச் சகோதரிக்கு: மேளம் பிடியுங்கள். இரண்டு நாதஸ்வரம் இரண்டு தவில் என்று சோடியாக முடியாவிட்டால், ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் போதும். முந்நூறு பேர் மண்டபத்துக்கு அது குறைவே இல்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் மண்டபக்காரரின் சோடனையில் குறையுங்கள், அந்தப் பூக்கள் மாலைக்கு முன்னரே வாடிவிடும். நாள் வைத்தவுடன் அச்சவாரம் கொடுத்துவிடுங்கள். ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் பல கலியாணம் வரும், நல்ல வித்துவான்கள் கிடைக்கமாட்டார்கள். பேரம் பேசாதீர்கள். ஒரு வாரத்துக்கு முன்னர் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள், தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எந்தச் சடங்குக்கு எவ்வளவு நேரம் என்று ஐயரிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீடியோக்காரரையும் அழைத்து, கெட்டிமேளத்தின்போது தவிலுக்கும் ஐயருக்கும் இடையில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இன்னுமொன்று, இது எழுதச் சங்கடமானதுதான். மேளத்தாரைக் கடைசிப் பந்திக்கு விடுவதும், பின்பக்கத்தில் இலை போடுவதும், "அவைக்குப் பிறகு பாப்பம்" என்பதும் எங்கள் ஊர்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. சாதியை மனதில் வைத்துக்கொண்டு செய்கிறோம், வாயால் சொல்லாமல் செய்கிறோம். விடிய ஆறு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள், மூன்று மணித்தியாலம் மூச்சைக் கொடுத்து ஊதியவர்கள். மங்களம் வாசித்து முடித்ததும் முதற் பந்தியிலேயே இருத்துங்கள், வீட்டுக்காரர் ஒருவர் நின்று பரிமாறுங்கள். வந்தவுடன் தேத்தண்ணியும் இடையிடையே சுடுதண்ணியும் கொடுக்க ஒரு பிள்ளையை விடுங்கள். பணத்தை வெற்றிலை பாக்கோடு தட்டத்தில் வைத்து, மணமக்களின் கையால் கொடுப்பியுங்கள். எங்கள் வீட்டில் அண்ணர்தான் அந்தத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகளிடம் என்ன ராகம் வேண்டும் என்று இன்றைக்கே கேளுங்கள். சங்கீதம் படிக்காத பிள்ளை என்றாலும் கேளுங்கள், ஏதாவது ஒரு பாட்டுச் சொல்லுவாள். என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.